புது மெக்புக் ப்ரோவா, எயரா, திங்க்பேடா: வெள்ளவத்தை மேசையில் போட்ட கணக்கு

என் பழைய லெப்டொப் 2017இல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறைச் சில்லு. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏறும் என்பதால் அது விண்டோஸ் 10உடனேயே நின்றுவிட்டது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்தது. மறுநாளே, 15ஆம் திகதி, எம்5 சில்லு போட்ட 14 அங்குல மெக்புக் ப்ரோவை ஆப்பிள் அறிவித்தது. அதன் பிறகு ஒரு வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. இரவு படுக்கப் போகும்போதும் போனில் அந்தக் கறுப்பு லெப்டொப்பின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்வது தமிழ்ப் பக்க வடிவமைப்பு. கவிதைத் தொகுதி, கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டிதழ், அரங்கேற்ற அழைப்பிதழ். இவற்றை எல்லாம் விட அதிகமாக வருவது கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகத்துக்குத் தவணை கேட்க முடியாது. கணினி படுத்தால் அந்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? அதனால் லெப்டொப் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது பழுதானால் எத்தனை நாளில் என் மேசைக்குத் திரும்பி வரும் என்பதைத்தான். வேகம் அதற்குப் பிறகு.

சரி, விலைக்கு வருவோம். 2025 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஆப்பிள் வைத்த விலையில் எம்5 மெக்புக் ப்ரோ 1599 டொலர். அதற்கு 16 ஜிபி நினைவகமும் 512 ஜிபி சேமிப்பும் கிடைத்தது. 2025 மார்ச்சில் வந்த எம்4 மெக்புக் எயர் 13 அங்குலம் அப்போது 999 டொலர். பார்த்தவுடன் 600 டொலர் வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் அந்த எயரில் சேமிப்பு 256 ஜிபிதான். ஒரு கோயில் மலருக்கு வரும் போட்டோக்களே 20, 30 ஜிபி. 512 உள்ள எயர் 1199 டொலர். ஆகவே உண்மையான வித்தியாசம் 400 டொலர். டொலரை 300 ரூபாவாகப் பிடித்தால் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா. வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்த நமக்கு, 'பிறகு வாங்கலாம்' என்று தள்ளிப்போடவும் பயம், அவசரப்பட்டு வாங்கவும் பயம்.

அந்த ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு ப்ரோ என்ன தருகிறது? ஆப்பிள் தானே சொல்லும் கணக்கின்படி, எம்4ஐ விட எம்5 பல வேலைகளை ஒன்றாகச் செய்வதில் 15 சதவீதம் வரை வேகம், வரைகலையில் 1.6 மடங்கு வரை. 400 பக்கப் புத்தகம் ஒன்றைப் பிடிஎஃப் ஆக்க எம்4இல் 40 விநாடி பிடித்தால், எம்5இல் 35 விநாடி. அந்த ஐந்து விநாடி எனக்கு ஒன்றுமில்லை.

தங்கையின் மகனுக்கு அப்படி இல்லை. அவன் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். இரண்டு மூன்று கமராவில் எடுத்த 4கே காட்சிகளை இரவிரவாக வெட்டி ஒட்டுவான். எயருக்குள் விசிறி இல்லை. நீண்ட நேரம் அழுத்தி வேலை வாங்கினால் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். இந்த லெப்டொப்புகளை 10 முதல் 35 பாகை வரையுள்ள அறையில்தான் பாவிக்க வேண்டும் என்று ஆப்பிள் எழுதியிருக்கிறது. ஏசி இல்லாத அவனுடைய மேல்மாடி அறை ஏப்ரல் மதியத்தில் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும். ப்ரோவில் விசிறி இருக்கிறது. கமராவின் எஸ்டி அட்டையை நேரே செருகலாம், எச்டிஎம்ஐ துவாரமும் உண்டு, திரை 120 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 முறை வரை படத்தைப் புதுப்பிக்கும்.

"மாமா, நீங்கள் இதை வாங்கி எழுத்தடிக்கப் போறீங்களா? பாவம் மாமா அந்த மெஷின்" என்றான். அவன் சொன்னது சரி. மணிக்கணக்காக வீடியோ வெட்டுகிறவருக்கு அந்த மேலதிகக் காசு வீண் இல்லை. எழுத்தும் படமும் மட்டும் என்றால் எயரே கூடுதல்.

அப்புறம் ஏன் எயரோடு நான் நிற்கவில்லை? அதற்குக் காரணம் என் கோப்புகள்.

இலங்கையில் அச்சு வேலை செய்தவர்களுக்குப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் திரையில் 'தமிழ்' என்று வரும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, கண்ணுக்குத் தெரிவது தமிழ். என்னிடம் இருபது வருடத்துக் கோப்புகள் அப்படி இருக்கின்றன. பாதி, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான ஏழு 2001இல் வந்தது, அதோடு சரி. ஆனால் 'அப்பாவின் கல்வெட்டில் போட்ட தேவாரப் பக்கத்தையே அம்மாவுக்கும் போட்டுத் தாங்கோ' என்று கேட்டு இன்றைக்கும் ஆள் வருகிறது. அந்தப் பக்கம் இருப்பது 2006ஆம் ஆண்டுக் கோப்பில். என் பழைய விண்டோஸ் கணினியில் அது இப்போதும் திறக்கிறது. ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறிய பிறகு, மெக்கில் விண்டோஸை நேரடியாக நிறுவும் பூட்கேம்ப் வசதி இல்லை. இன்னொரு மென்பொருளை வாங்கி, அதற்குள் ஏஆர்எம் விண்டோஸ் (ஆப்பிள் சில்லைப் போன்ற ஏஆர்எம் வகைச் சில்லுகளுக்கான விண்டோஸ்) போட்டு, அதற்குள் பேஜ்மேக்கரை ஓட்ட முயல வேண்டும். அந்தியேட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது செய்கிற வேலை இல்லை அது.

தட்டச்சிலும் இதே கதை. மெக்கோடு வரும் தமிழ்99, அஞ்சல் என்ற தட்டச்சு முறைகள் இரண்டும் நன்றாக வேலை செய்யும், அவற்றில் பழகியவருக்குக் குறை இல்லை. என் விரல்கள் பாமினியில் பழகியவை. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் போட்டுவிட்டால் அதே பாமினி விசைகளில் அடித்து யூனிகோட் வாங்கலாம். அந்த மென்பொருள் மெக்கில் இல்லை. ஐம்பது வயதில் விரலுக்குப் புது அகராதி கற்பிக்கலாம்தான். ஆனால் கற்கும் மாதங்களில் பிழையோடு போகிற பெயர் இறந்த ஒருவரின் பெயராக இருக்கும்.

ஸ்னாப்டிராகன் என்ற ஏஆர்எம் வகைச் சில்லு போட்ட விண்டோஸ் லெப்டொப்புகளும் கண்ணில் பட்டன. பற்றரி அருமையாக நிற்கும். பழைய மென்பொருளையும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் அச்சுப்பொறிக்கு ஏஆர்எம்முக்கு என்று எழுதிய டிரைவர் வேண்டும். என் பழைய லேசர் அச்சுப்பொறிக்கு அதை எழுதித் தர எந்தக் கம்பனியும் வரப்போவதில்லை. அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

மிஞ்சியது லெனோவோ கம்பனியின் திங்க்பேட் டி14, ஐந்தாம் தலைமுறை. 2024இல் வந்தது, புத்தம் புதிது இல்லை, பார்க்கவும் ஒரு அழகும் இல்லை. ஆனால் அதைக் கழற்றலாம். கருவிகளைக் கழற்றிப் பழுதுபார்க்க வழிகாட்டும் ஐஃபிக்ஸிட் அமைப்போடு சேர்ந்து வடிவமைத்தார்கள், பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு ஒன்பது புள்ளி கிடைத்தது. நினைவகத்துக்கு இரண்டு செருகிடம். பற்றரி, விசைப்பலகை, சேமிப்பு எல்லாமே திருகாணி கழற்றி மாற்றக்கூடியவை. எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டையும் கம்பனியே பொதுவில் வைத்திருக்கிறது. மெக்புக் இரண்டிலும் நினைவகம் சில்லோடு சேர்ந்தே வருகிறது. வாங்கிய அன்று எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவு.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் என் வீடு. ஜன்னல் கம்பி இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும். அதே உப்புக்காற்றுத்தான் கணினிக்குள்ளும் போகிறது. பழைய லெப்டொப்பில் முதலில் செத்தது விசைப்பலகை, அதுவும் பாமினியில் 'ம' அடிக்கும் கே விசை. அது செத்தால் 'அம்மா' என்று எழுத முடியாது. விசைப்பலகை மேல்மூடியோடு ஒட்டி வந்தது, மேல் பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும், பாகம் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும் என்றார்கள். ஏழு வாரம் வெளியே ஒரு விசைப்பலகையைச் செருகி வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

இனி திரை. இதை மட்டும் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் டி14 ஆளைக் கவிழ்க்கும்.

மெக்கில் எந்த மாதிரியை எடுத்தாலும் நிறம் ஒழுங்காக இருக்கும். எயரும் ப்ரோவும் பி3 என்ற அகன்ற நிறவெளியைக் காட்டும். ப்ரோ இன்னும் பிரகாசம், கறுப்பு நல்ல கறுப்பு. டி14இல் அப்படி நம்ப முடியாது. ஒரே பெயரில், ஒரே 14 அங்குலத்தில், ஒரே 1920க்கு 1200 புள்ளிகளில் இரண்டு விதமான திரை விற்கிறார்கள். ஒன்று 45 சதவீத என்டிஎஸ்சி, அதாவது குறைந்த நிறங்களையே காட்டுவது. மற்றது 100 சதவீத எஸ்ஆர்ஜிபி, வழமையான நிறவெளி முழுவதையும் காட்டுவது. கடை அட்டையில் இரண்டுக்கும் ஒரே வரிதான் எழுதியிருக்கும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் மயூரபதி அம்மன் கோயிலுக்குச் செய்த ஒரு அழைப்பிதழைக் கொண்டுபோனேன். அதில் ஒரு குங்குமச் சிவப்பு உண்டு, அச்சில் அது எப்படி வந்தது என்று எனக்கு மனப்பாடம். முதற்கடையில் இருந்த டி14இல் அதைத் திறந்தேன். குங்குமம் செங்கல் நிறமாக இருந்தது, மஞ்சள் பட்டில் ஒரு பச்சைச் சாயல் வேறு. இரண்டு கடை தள்ளி இன்னொரு டி14. அதே கோப்பு, அதே சிவப்பு, குங்குமமாகவே இருந்தது. விலை வித்தியாசம் சொற்பம். முதற்கடைத் தம்பி இரண்டையும் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இவ்வளவு நாளும் ஒருத்தரும் இப்படிப் போட்டுக் காட்டச் சொல்லி கேட்டதில்லை" என்றார். படவேலை செய்கிற எவரும் தன் கோப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வெறும் டெஸ்க்டொப் படத்தில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும்.

ஓலெட் திரை போட்ட ஸென்புக் ஒன்றும் பார்த்தேன். நிறம் கண்ணைப் பறித்தது. ஆனால் என் திரையில் காலை முதல் இரவு வரை அதே சாம்பல் கருவிப்பட்டைகள் அதே இடத்தில் நிற்கும். ஓலெட்டில் அசையாத படம் வருடக் கணக்கில் தடம் பதிக்கக்கூடும் என்ற பயத்தில் கையை எடுத்துவிட்டேன். படம் பார்க்க, பாடம் படிக்க வாங்குகிறவருக்கு இந்தப் பயம் வேண்டாம்.

பற்றரியில் மெக்குகளை டி14 தொடவே முடியாது. ப்ரோவுக்கு 24 மணிநேரம், எயருக்கு 18 மணிநேரம் வீடியோ ஓடும் என்கிறது ஆப்பிள். டி14இல் நான் ஆறு மணிநேரத்துக்கு மேல் எதிர்பார்க்கவில்லை. 2022இல் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்த காலம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே எயரை வாங்கியிருப்பேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோதும் ஒரு கல்வெட்டு என் மேசையில் பாதியில் நின்றது. இப்போது மேசைக்குக் கீழே ஒரு யூபிஎஸ் வைத்திருக்கிறேன். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

வாரண்டியில் மட்டும் யாரும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆப்பிளுக்கு இலங்கையில் சொந்தக் கடை இல்லை, இங்கே விற்பவர்கள் எல்லாரும் இடையில் நிற்பவர்கள்தான். 'கம்பனி வாரண்டி' வேறு, 'கடை வாரண்டி' வேறு. இரண்டாவதில் கடை மூடினால் வாரண்டியும் மூடியது. டுபாயில் இருந்து வரும் பெட்டிகளில் விசைகளில் அரபு எழுத்தும் இருக்கும், அது சிலருக்குப் பரவாயில்லை. பெட்டியில் உள்ள தொடர் இலக்கத்தை அந்தந்தக் கம்பனியின் தளத்தில் அடித்துப் பார்த்தால், வாரண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். பணம் கொடுக்க முன் அதைக் கடையிலேயே நின்று செய்யுங்கள்.

எனக்கு இந்தப் பாடம் 2017இல் கிடைத்தது. அந்த லெப்டொப் மூன்றாம் மாதம் திரையில் கோடு விழுந்து கடைக்குத் திரும்பியது. அவர்கள் கொடுத்த பில்லில் 'லெப்டொப் – 1' என்று மட்டும் எழுதியிருந்தது. இது நாங்கள் விற்றதுதானா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி போலவே கேட்டார்கள். பதில் சொல்ல என் கையில் ஒன்றுமில்லை, திரைக்கு நானே காசு கட்டினேன்.

போன சனிக்கிழமை தங்கையின் மகன் எம்5 ப்ரோவும் நான் டி14உம் வாங்கினோம். நான் எடுத்தது 16 ஜிபி, ஒரே அட்டையில். மற்றச் செருகிடம் வெறுமையாக இருக்கிறது, அடுத்த வருடம் காசு சேர்ந்ததும் இன்னொரு 16 போடுவேன். பில் எழுதும்போது நான் வாங்கிய கடைத் தம்பியிடம் மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், கம்பனி வாரண்டி மூன்று வருடம், திரை 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவித்தேன். இடம் போதாமல் கடைசி வரியைப் பில்லின் பின்பக்கம் எழுதி, அங்கேயும் ஒரு முத்திரை குத்தித் தந்தார்.