வி.பி.எஸ். கைவேலை: பேழையா, கேடகமா, எரிகோ மதிலா?

மே மாத வெயிலில் ஆலய ஹாலில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தியவர்களுக்குத் தெரியும், பாட்டும் கதையும் எப்படியோ ஓடிவிடும், கைவேலை நேரம்தான் ஆளைச் சோதிக்கும். செலவில்லாமல் கிடைப்பது மளிகைக் கடை அட்டைப்பெட்டி. அதை வைத்து நான் செய்து பார்த்தவை மூன்று.

நோவாவின் பேழையைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். நிறைவு விழாவில் மேசைமேல் வைத்தால் அழகாகவே இருக்கும். ஆனால் மடிப்பு, கூரை, ஜன்னல் என்று எல்லாமே கட்டர் வேலை, அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது, கடைசியில் டீச்சர்மார் ராத்திரி உட்கார்ந்து செய்ததைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒருமுறை பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் உள்ள 300, 50, 30 முழக் கணக்கிலேயே செய்யலாம் என்று 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டினேன். அகலம் வெறும் 5 செ.மீ., உயரம் 3. பிள்ளைகள் வரைந்து வெட்டிய யானை உள்ளே போகவே இல்லை.

கேடகம் அப்படியில்லை. பைபிளில் எபேசியர் நிருபத்தில் (கடிதத்தில்) பவுல் கிரேக்கத்தில் சொல்லும் விசுவாசக் கேடகம் ரோமப் போர்வீரனின் பெரிய நீள்வடிவக் கேடகம், அதனால் வட்டமாக வெட்டத் தேவையில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே அட்டையாக இருந்தால் உள்ளே நெளி ஓடும் திசையில் மடங்கிவிடும், ஆகவே இரண்டு அட்டைகளை நெளிகள் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்ட வேண்டும். கைப்பிடியைப் பசையால் ஒட்டினால் பிய்ந்துவிடும், இரண்டு கீறல் போட்டுத் துணி நாடாவைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். ஜூனியர் பிள்ளைகள் பாதிக்கு மேல் தாங்களே செய்துவிடுவார்கள். ஒரே தொல்லை, கேடகம் கையில் வந்த அஞ்சாவது நிமிஷம் ஹாலுக்குள் யுத்தம் தொடங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது எரிகோ மதில்தான், இஸ்ரவேலர் ஏழு நாள் சுற்றிவந்து ஆர்ப்பரித்ததும் இடிந்து விழுந்த பட்டணத்து மதில். பேஸ்ட் பெட்டி, சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி எதுவானாலும் சரி, ஒட்டின ஓரத்தைப் பிரித்து உள்புறத்தை வெளியே திருப்பி மறுபடி ஒட்டினால் செங்கல் தயார். கத்தரிக்கோல்கூட வேண்டாம், பிரைமரி வகுப்புக்கு இதைவிட லேசான வேலை கிடையாது. அடுக்கி மதில் கட்டி, தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, ஆக மொத்தம் 13. கடைசிச் சுற்றில் ஆர்ப்பரித்து அதைத் தள்ளிவிடும்போது அவர்கள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். மற்ற இரண்டிலும் செய்து முடித்ததோடு சரி, இதில் கதையையே கால்நோக நடந்து பார்க்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது, "என் பிள்ளை என்னதான் செய்தான்?" என்று அம்மாமார் கேட்பார்கள். அதற்காக ஒவ்வொரு செங்கலிலும் செய்த பிள்ளையின் பெயரை எழுத வைத்து, மதில் விழுந்ததும் அவரவர் செங்கலைத் தேடி எடுக்கச் சொல்லிவிடுவேன்.

பசைக்கு மைதாக் கூழே போதும், ஆனால் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போல மயில்துத்தம் கலந்துவிடாதீர்கள், அது விஷம், சின்னதுகள் விரலை நக்கும். அன்றன்றைக்குக் காய்ச்சி, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். ராத்திரி செங்கல்களைத் தரையில் விட்டுவிட்டுப் போனால் எலி முதல் சுற்று வந்திருக்கும்.