18 லட்சம் வாங்கிக்கொண்டு நடத்தாத லெவல் 5-க்குக் கையெழுத்துப் போட்டார்கள்: உஷார்

டேட்டா சென்டர் கட்டுகிறவர்கள், கட்டப்போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். கமிஷனிங் (கட்டிய டேட்டா சென்டர் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துச் சரிபார்ப்பது) செய்து தருகிறோம் என்று வந்த ஒரு தனியார் ஏஜென்சி எங்களிடம் 18 லட்சம் வாங்கிக்கொண்டு, முக்கால்வாசி நடத்தாத சோதனைக்கு ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. வழக்குப் போடும் யோசனை இருப்பதால் பெயர் எழுதவில்லை. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: கமிஷனிங் ஐந்து கட்டமாகப் போகும். லெவல் 1 தொழிற்சாலையிலேயே கருவியைச் சோதிப்பது. லெவல் 2 சைட்டுக்கு வந்து பொருத்தியதைச் சரிபார்ப்பது. லெவல் 3 முதன்முதலாக மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது. லெவல் 4-இல் யுபிஎஸ், ஜெனரேட்டர், சில்லர் (ஹாலைக் குளிர்விக்கும் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) என்று ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்கிறதா என்று பார்ப்பார்கள். லெவல் 5 தான் உயிர்நாடி. சர்வர்கள் வருவதற்கு முன்பே லோடு பேங்க் எனும் பெரிய ஹீட்டர்களை ஹாலில் வைத்து முழுச் சுமையை ஏற்றி, மெயின் கரண்டைப் பிடுங்கிவிட்டு, எல்லாம் சேர்ந்து தாங்குகிறதா என்று பார்ப்பது. ஒரு கட்டம் முடிந்தால் கருவியில் ஒரு நிறச் சீட்டு ஒட்டுவார்கள்; லெவல் 2-க்கு மஞ்சள், கடைசியில் லெவல் 5-க்கு வெள்ளை. வெள்ளைச் சீட்டு வந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் அந்த ஏஜென்சி அனுப்பிய இன்ஜினியர்மேல் எங்களுக்கு வந்த நம்பிக்கை சாதாரணமானது இல்லை. லெவல் 2 சமயத்தில் ஒரு மின் பேனலைத் திறந்து, டார்க் ரெஞ்சை (போல்ட் எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பானர்) வைத்து, கரண்ட் போகும் உலோகப் பட்டைகளான பஸ்பார்களின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். மூன்று போல்ட் தளர்வு. “இதுக்கு மஞ்சள் சீட்டு கிடையாது சார், நான் ஒட்ட மாட்டேன்” என்று எங்கள் கான்ட்ராக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். கான்ட்ராக்டர் கெஞ்சினார், அப்புறம் கத்தினார். இவர் அசையவில்லை. ஆள் என்றால் இவர்தான் என்று எங்கள் இயக்குநர் அன்றைக்கே அடுத்த தவணையை விடச் சொன்னார். இப்போது யோசித்தால் அந்த மூன்று போல்ட்டுக்கே 18 லட்சமும் போய்விட்டது போலிருக்கிறது!

லெவல் 5 ராத்திரியில் நடந்தது. “ஹை வோல்டேஜ் ஸ்விட்சிங், பாதுகாப்பு விதிப்படி எங்கள் ஆட்கள் மட்டும்தான் உள்ளே” என்று எங்கள் எலெக்ட்ரிஷியனை வெளியே உட்கார வைத்தார்கள். காலையில் வெள்ளைச் சீட்டு, கட்டுக் கட்டாக ரிப்போர்ட், எல்லாம் ‘பாஸ்’. மீதிப் பணமும் போனது.

போன வாரம் நிஜமாகவே கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கியது, ஜெனரேட்டரும் சில நொடிகளில் சுமையை எடுத்துக்கொண்டது. சில்லர்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடும்படி அமைக்காமல், யாராவது வந்து ரீசெட் அழுத்தட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பம்புகள் யுபிஎஸ்ஸில் இருந்ததால் தண்ணீர் சுற்றிக்கொண்டேதான் இருந்தது, சூடாகிக்கொண்டே. சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்குக்குள் போகும் காற்று 27 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பரிந்துரை. கால் மணி நேரத்தில் 40-ஐத் தாண்டியது. சர்வர்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே அணைந்தன. வாடிக்கையாளர்களிடம் நான் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் அந்த ரிப்போர்ட்டை நிதானமாகப் புரட்டினேன். கரண்டைப் பிடுங்கியதாகச் சொல்லும் நேரத்திலும் வெப்பநிலை வரைபடம் ஆடாமல் நேர்கோடாக இருக்கிறது. முழுச் சுமை இருந்து சில்லரும் ஒரு நிமிஷம் நின்றால் அந்தக் கோடு ஏறியே ஆக வேண்டும். செக்யூரிட்டி கேட் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். 1 மெகாவாட் ஹாலுக்கு உள்ளே வந்தது 100 கிலோவாட் லோடு பேங்க் இரண்டே இரண்டு. ஐந்தில் ஒரு பங்கு! சில்லருக்கு லெவல் 4-இல் போட்டிருக்கும் டிக் எதற்கு, அலங்காரத்துக்கா?

போன் செய்தால் “இன்ஜினியர் சைட்ல இருக்கார்.” மெயில் போட்டால் “உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது.” மறுபடி பிடித்ததும் “அது சில்லர் வெண்டர் பிரச்சினை சார்.” வெண்டரோ கமிஷனிங்காரரைக் கேளுங்கள் என்கிறார். அடுத்து வந்தது இன்னும் அருமை: ஒப்பந்தத்தில் சோதனையை ‘மேற்பார்வை செய்வது’ என்றுதான் இருக்கிறதாம், ‘நடத்துவது’ என்று இல்லையாம். அப்படியானால் 18 லட்சம் எதற்கு, வேடிக்கை பார்க்கவா? நேற்று கடைசியாக ஒரு மெயில். மன்னிப்பு இல்லை, மறுசோதனைக்குப் புதிய கொட்டேஷன்!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெவல் 5 நடக்கும்போது உங்கள் ஆள் ஹாலுக்குள் இருக்க வேண்டும், விதி கிதி என்றால் எழுத்தில் வாங்குங்கள். லோடு பேங்க் எத்தனை கிலோவாட் வருகிறது என்று கேட்டிலேயே எண்ணுங்கள். ரிப்போர்ட்டைப் பிடிஎஃப்பில் மட்டும் வாங்காதீர்கள், சென்சார் மூலப் பதிவையும் கேளுங்கள். அது வரும்வரை கடைசித் தவணையை விடாதீர்கள். லெவல் 2-இல் போல்ட் போல்ட்டாகக் கறார் காட்டுகிறவர் லெவல் 5-இலும் அப்படியே இருப்பார் என்று நினைக்காதீர்கள். இதே ஏஜென்சி என்று சந்தேகம் வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் என்னிடம் தனியாகக் கேளுங்கள்.