மோவாபில் வாடகை ஜீப் எடுப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊருக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே ஒரு கடையில் ஜீப் ராங்லர் வாடகைக்கு எடுத்தோம். "ஷேஃபர் தடத்துக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம், எல்லாம் பார்த்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். சுத்தப் பொய்.

கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேட்டிலிருந்து அந்தத் தடம் சுமார் 1,500 அடி கீழே இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் செம்பாறை, மறுபக்கம் தடுப்பே இல்லாத பள்ளம். மழை இல்லாத நாளில் நிதானமாக ஓட்டுபவருக்குச் சமாளிக்கக்கூடிய பாதைதான். ஆனால் 4 லோ, அதாவது நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் மிகக் குறைந்த வேக கியர், விழ வேண்டும். அது விழுந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்து மெல்ல இறக்கும். எங்கள் வண்டியில் லீவரை இழுத்தால் டேஷ்போர்டில் 4 லோ விளக்கு மினுக்கியதோடு சரி, கியர் விழவில்லை. திருப்பவும் இடமில்லை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினோம். கருகல் வாடை வர வர நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறங்கினோம். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அப்புறம், கீழிருந்து மோவாபுக்குத் திரும்பும் பொட்டாஷ் ரோட்டில் ஒரு பாறை விளிம்பு டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. ஸ்டெப்னியில் காற்று பாதிகூட இல்லை, ரப்பரில் வெடிப்புகள். ஜாக்கிக்குக் கைப்பிடியே இல்லை. போனில் சிக்னலும் இல்லை. அங்கிருந்து வண்டியை இழுத்து வர 1,000 டாலருக்கு மேல் ஆகும். நல்லவேளை, பின்னால் வந்த ஒரு தம்பதி ஜாக்கியும் கம்ப்ரசரும் கொடுத்து உதவினார்கள்.

திரும்பி வந்தால் மன்னிப்பு இல்லை, பில் இருந்தது. டயருக்குப் பணம் கேட்டது கூடச் சரி, ஒப்பந்தத்தில் இருக்கிறது. வண்டியின் அடியில் கீறல் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். அந்தக் கீறல் முழுக்கத் துரு! அன்று காலையில் விழுந்த கீறல் மாலைக்குள் அப்படித் துருப்பிடிக்குமா? படத்தோடு கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் புகார் கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் எடுக்கும்போது கடை வாசலிலேயே வண்டியை நியூட்ரலில் மெல்ல உருளவிட்டு 4 லோ போட்டுப் பாருங்கள். விளக்கு நிலையாக எரிய வேண்டும். ஸ்டெப்னியின் காற்றை அளக்கச் சொல்லுங்கள். ஜாக்கியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். குனிந்து அடிப்பாகத்தையும் படம் எடுங்கள். மண்பாதையில் நேரும் சேதத்தைப் பல கிரெடிட் கார்டுகள் வாடகை வண்டிக்குத் தரும் காப்பீடு ஏற்காது, அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடை என்றால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். மோவாபில் ஜீப் கடைகளுக்குப் பஞ்சமில்லை.