குழுக் கடனில் கறவை மாடா, வெள்ளாடா?

மகளிர் குழுவில் முதல் கடன் வந்தபோது நான் வாங்கியது ஒரு கலப்பின மாடு. அந்தக் கடனை அடைத்துவிட்டு, இரண்டாவது கடனில் கன்னி என்கிற நாட்டு வெள்ளாட்டு இனத்தில் ஐந்து பெட்டைகள் வாங்கினேன். 2011-ல் அரசு விலையில்லாமல் மாடும் கொடுத்தது, வீட்டுக்கு நான்கு ஆடும் கொடுத்தது. அதில் தவணை கிடையாது. தவணை கட்டுகிறவளுக்குக் கணக்கே வேறு. ஒரு மாட்டுக்குத்தான் கடன் போதும் என்றால், ஆடு வாங்குங்கள்.

மாட்டின் நன்மை எல்லோருக்கும் தெரியும். இரண்டு வேளை பால், சொசைட்டியில் காசு, பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர், நிலத்துக்கு எரு. ஆட்டில் அந்த அன்றாடக் காசு இல்லை.

சிக்கல் பால் கறக்காத வற்றுக் காலத்தில் இருக்கிறது. கன்று போட்ட மாடு சுமார் பத்து மாதம் கறக்கும். அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதம் வற்றவிட வேண்டும். அதுவும் ஈன்ற மூன்று மாதத்துக்குள் மறுபடி சினை பிடித்தால்தான். ஒரு சினைப் பருவம் தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். பருவம் வந்தால் என் மாடு ராத்திரியில்தான் கத்தும். விடிந்து சினை ஊசி போட ஆள் வருவதற்குள் அடங்கிவிடும். இப்படியே மூன்று முறை தவறி, நான்காவதில்தான் சினை நின்றது. இரண்டு மாத வற்று நான்கு மாதமானது. பால் இல்லையென்று தவிட்டையும் புண்ணாக்கையும் நிறுத்த முடியுமா? சினை மாட்டுக்குத் தீனி குறைந்தால் அடுத்த ஈற்றில் பாலும் குறையும். அந்த நான்கு தவணையும் நூறு நாள் வேலைக் கூலியில் போனது.

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்தே மாதம். பெரும்பாலும் இரட்டைக் குட்டி. கிடா கூடவே மேய்வதால் பருவம் பார்த்து ஓட வேண்டியதில்லை. பள்ளி திறக்கும்போது ஒரு குட்டி, தீபாவளிக்கு முன் இரண்டு என்று தேவைக்கு விற்கலாம். வியாபாரி முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்த்து ஒரு விலை சொல்வார். எடை போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், விலை ஏறும்.

ஆட்டிலும் காத்திருப்பு உண்டு. சினை ஆடாகவே வாங்கினாலும் முதல் எட்டு மாதம் ஒரு காசு வராது. ஆனால் அது வாங்கும்போதே தெரிந்த கணக்கு. நான் ஆறு ஆட்டுக்கான பணத்தில் ஐந்து வாங்கி, மீதியைத் தவணைக்கென்று தனியாக வைத்தேன். மாட்டின் வற்று எப்போது முடியும் என்று அப்படி எண்ணி வைக்க முடியவில்லை.

ஆடு மேய்க்க நாள் முழுக்க ஓர் ஆள் வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடாமல் விடக் கூடாது. எங்களுடையது மானாவாரிக் காடு. கிணற்றுப் பாசனமும் தீவனப் புல்லும் இருக்கிறவர்கள், மாறி மாறி ஈனும்படி இரண்டு மாடு வைத்தால் நான் பட்ட கஷ்டம் வராது என்று நினைக்கிறேன். நான் வைத்துப் பார்த்ததில்லை.