கூபர் பெடியா, லைட்னிங் ரிட்ஜா?

வண்ணங்கள் மின்னும் ரத்தினக்கல்லான ஓப்பலைத் தோண்டும் ஆஸ்திரேலிய ஊர் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது கூபர் பெடிதான். லைட்னிங் ரிட்ஜ் என்றால் பலரும் ‘அது எங்கே?’ என்பார்கள். இரண்டுமே நாள் முழுக்க வண்டி ஓட்டினால்தான் எட்டும் பொட்டல் ஊர்கள். கூபர் பெடி அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 850 கி.மீ.; மற்றது சிட்னியிலிருந்து 700 கி.மீ.க்கு மேல்.

கூபர் பெடியின் கதை 1915 பிப்ரவரியில் தொடங்குகிறது. தங்கம் தேடி வந்த கூட்டத்தோடு இருந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் கண்ணில் ஓப்பல் பட்டது. ‘கூபா பிட்டி’ என்ற பழங்குடிச் சொல்லுக்கு ‘வெள்ளைக்காரன் குழி’ என்று பொருள் சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்தான், ஊரில் பலர் மண்ணுக்கடியில் குடைந்த வீடுகளில்தான் வாழ்கிறார்கள். கோடையில் வெளியே 45 டிகிரி கொளுத்தும்போது, குடைந்த வீட்டுக்குள் ஏசி இல்லாமலே 24 டிகிரி அளவில் நிற்கும். சுவரில் துளை எந்திரம் சுழன்ற வட்டத் தடங்கள் அப்படியே இருக்கும்; தூசி உதிராமல் இருக்க மேலே ஒரு பூச்சு, அவ்வளவுதான். மேலே நடந்தால் தரையில் முளைத்த காற்றுக் குழாய்களை வைத்துத்தான் கீழே வீடு இருப்பது தெரியும். செர்பிய தேவாலயமும் மண்ணுக்கடியில்தான். புல்லே இல்லாத கோல்ஃப் மைதானத்தில் ஆளுக்கொரு துண்டுப் புல்தரையைக் கையோடு தூக்கிக்கொண்டு விளையாடுகிறார்கள்! சாயங்காலம் பிரேக்அவேஸ் குன்றுகளைத் தவறவிடக் கூடாது.

லைட்னிங் ரிட்ஜில் இப்படி வாய் பிளக்க வைக்கும் காட்சி குறைவு. மின்னல் விழுந்து ஓர் இடையனும் ஆட்டு மந்தையும் செத்ததாகச் சொல்லும் கதையிலிருந்து பெயர் வந்தது. தகரக் கொட்டகைகளும் மண் அலசும் பழைய சிமெண்ட் கலவை எந்திரங்களும்தான் ஊர். வழிகாட்டிப் பலகை கிடையாது. வழிகாட்ட வைத்திருக்கும், பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு அடித்த பழைய கார் கதவுகளைப் பார்த்து நாமே சுரங்க வயல்களைச் சுற்ற வேண்டும். ஆழ்துளை ஊற்றுக் குளத்தில் தண்ணீர் 41 டிகிரிக்கு மேல். காசு வாங்குவதில்லை. விடியற்காலைக் குளிரில் ஆவி பறக்க, கழுத்தளவு இறங்கிப் பேச்சுக் கொடுத்தால் கிழட்டுச் சுரங்கக்காரர்கள் ஊர்க்கதை முழுவதையும் கொட்டிவிடுவார்கள்.

கல் வாங்கும் எண்ணம் இருந்தால் லைட்னிங் ரிட்ஜ்தான். இங்கே கிடைக்கும் கறுப்பு ஓப்பலின் கருந்தளத்தில் சிவப்பும் பச்சையும் தீயாக எரியும். கூபர் பெடியில் பெரும்பாலும் வெளிர் கல். எங்கே வாங்கினாலும் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள்: நேர்கோடாக ஒரு மூட்டு தெரிந்தால், மெல்லிய ஓப்பல் சீவலைக் கறுப்புப் பின்தளத்தில் ஒட்டிய கல் அது. ஓப்பலாகவே மாறிப்போன டைனோசர் எலும்புகளும் லைட்னிங் ரிட்ஜில் கிடைத்திருக்கின்றன. இதற்கு எதிரே வைக்க கூபர் பெடியில் எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, அங்கே கடல்வாழ் உயிர்களின் ஓப்பல் புதைபடிவங்கள் உண்டு.

அடிலெய்டிலிருந்து உலுரு என்ற பெரும் செம்பாறைக்குக் காரில் போகிறவர்களுக்குக் கூபர் பெடி வழியிலேயே இருக்கிறது. ஓர் இரவு மண்ணுக்கடியில் தூங்கிவிட்டுக் கிளம்பலாம். ஓப்பலுக்காகவே மூன்று நாள் ஒதுக்குகிறவர் நான் என்றால் வண்டியை லைட்னிங் ரிட்ஜுக்குத்தான் திருப்புவேன். எதுவானாலும் டிசம்பர், ஜனவரி மட்டும் வேண்டாம், அங்கே அதுதான் கோடை. கூபர் பெடியில் போட்டோ எடுக்கும்போது பின்னால் நகராதீர்கள். மூடாத குழிகள் ஏராளம், அதற்கென்றே ஆள் தலைகுப்புற விழும் படம் போட்டு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்.