பத்திரத்தை ஸ்கேன் பண்ண வெளியே கொடுக்கிறீர்களா? என் கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

மாமாவின் இரும்புப் பெட்டியில் இல்லாத காகிதம் கிடையாது. 1968-ல் வாங்கிய மனையின் கிரயப் பத்திரம், வீட்டு வரி ரசீதுகள், எல்.ஐ.சி. பாண்டு, எப்போதோ விற்ற லூனா மொபெட்டின் இன்சூரன்ஸ்கூட. கரையான் ஒரு மூலையை ருசி பார்த்ததும் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

வீட்டுக்கே வந்து எடுத்துப்போகிறோம், பக்கத்துக்கு 4 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம். வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "லிஸ்ட் எல்லாம் எதுக்குக்கா, பையோட அப்படியே திரும்ப வந்துரும்." நானும் தலையாட்டினேன். மாமா வாசல் வரை பின்னாலேயே வந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துப் பை வந்தது. 1,143 பக்கம், 4,572 ரூபாய். பென் டிரைவ் தரமாட்டார்களாம், கூகுள் டிரைவ் லிங்க் மட்டும்தான். திறந்தால் ஸ்கேன் 0001, 0002 என்று வரிசையாக எண்கள். எது எந்தக் காகிதம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஸ்கேனர் என்று சொன்னார்களே தவிர எல்லாம் போனில் எடுத்த படம். ஒரு வரி ரசீதின் ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் நகம் பளிச்சென்று தெரிகிறது, ரசீது எண்தான் தெரியவில்லை.

சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். பெண்ணின் படிப்புக் கடனுக்காக வங்கி வக்கீல் பத்திர நகல் கேட்டார். அனுப்பிய ஐந்தாவது நிமிடம் போன்: "பின்பக்கம் எங்கேம்மா?" பழைய முத்திரைத்தாளின் பின்பக்கத்தில்தான் தாளை யார், எந்தத் தேதியில் வாங்கினார் என்று தாள் விற்ற வெண்டர் எழுதிய குறிப்பு இருக்கும். சார்பதிவாளர் எழுத்தும், சீலும், கைரேகையும் அங்கேதான். இவர்கள் ஒரு தாளின் பின்பக்கத்தைக்கூடத் தொடவில்லை.

அசலை எடுத்துப் பார்த்தபோதுதான் அடிவயிறு கலங்கியது. கோத்திருந்த நூலை அறுத்திருக்கிறார்கள். தாள்கள் முன்னுக்குப்பின். எண்ணினால் ஏழுக்கு ஆறு. நான்காம் தாள் இல்லை. கேட்டதற்கு, "உங்ககிட்ட முன்னாடியே இல்லையோ என்னவோ" என்றார் ஓனர். லிஸ்ட் இல்லையே, என்ன சொல்வது?

அதோடு முடிந்ததா? டிரைவில் டவுன்லோட் பொத்தானே இல்லை. முழுசாக வேண்டுமென்றால் வருடம் 1,800 ரூபாய் "ஸ்டோரேஜ்" கட்ட வேண்டுமாம். அத்தனை படமும் சேர்ந்து ஒரு ஜிபி வராது. கூகுள் 15 ஜிபி சும்மா தருகிறது. இன்னொன்று, லாகின் எதுவும் இல்லாமல் என் கணவர் போனிலும் அதே லிங்க் திறந்தது. அப்படியென்றால் லிங்க் கையில் கிடைத்த யாருக்கும் திறக்கும். உள்ளே நான்கு பேரின் ஆதார், பான்.

அன்றைக்கே எம்ஆதார் செயலியில் எல்லோருடைய பயோமெட்ரிக்கையும், அதாவது கைரேகை, கருவிழிப் பதிவுகளை, பூட்டினேன். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் எங்கள் பெயரில் எத்தனை சிம் என்று பார்த்தேன், நல்லவேளை எங்களுடையது மட்டும்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டாயிற்று.

இதில் எரிச்சல் என்னவென்றால், ஆதாரும் லைசென்ஸும் பெண்ணின் மார்க் ஷீட்டும் அரசின் டிஜிலாக்கர் செயலியிலேயே கிடைக்கின்றன. அந்தந்தத் துறை நேரடியாக அதில் வழங்கும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே போட்டோ எடுத்து ஏற்றினால் அது வெறும் படம்தான். இலவசமாகக் கிடைப்பதற்கும் சேர்த்து நான் பக்கத்துக்கு 4 ரூபாய் அழுதிருக்கிறேன்.

அதில் கிடைக்காத மிச்சத்தை இப்போது நானே ராத்திரியில் பத்துப் பத்தாக எடுக்கிறேன், இரண்டு பக்கமும், 300 டிபிஐ தெளிவில், நூலை அவிழ்க்காமல். பெயரில் வருடம் முதலில்: "1968 கிரயம் மனை". மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எண்ணி வாங்கிக்கொள்கிறார்.

ஓனர் போனை எடுப்பதில்லை. லிங்க் இன்று காலை வரை திறக்கிறது.