பழைய பவுலிங் பந்து போட்டியில் செல்லுமா? பட்டியல், தராசு, டூரோமீட்டர்: மூன்றின் மதிப்பீடு

டென்பின் பவுலிங்கில் பழைய பந்து வாங்குபவர் முதலில் திறப்பது அமெரிக்க பவுலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி.யின் அங்கீகாரப் பட்டியல். நிறுவனத்தின் பெயரையும் பந்தின் பெயரையும் பார்த்துத் தேடினால் பதில் வந்துவிடும், கட்டணமும் இல்லை. முதல் சல்லடையாக அது போதும். ஆனால் அது பேசுவது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மாடலைப் பற்றி. அதன்பின் யாரோ துளையிட்டு, அடைத்து, மறுபடி துளையிட்டு, தேய்த்து மெருகேற்றி உங்கள் கையில் தந்த பந்தைப் பற்றிப் பட்டியலுக்கு எதுவும் தெரியாது.

பட்டியலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பெயர் இருந்தாலே எல்லா அரங்கிலும் செல்லும் என்று நினைக்கக் கூடாது. 2022 மார்ச்சில் ஸ்டார்ம் நிறுவனத்தின் ஸ்பெக்டர் பந்துக்கான அங்கீகாரம் முழுவதுமாக ரத்தானது. 2016, 2017இல் தயாரான பர்ப்பிள் ஹேமர் பந்துகளுக்கு யு.எஸ்.பி.சி.யின் தேசியப் போட்டிகளில் மட்டும் தடை வந்தது. அதே பெயரில் வேறு ஆண்டில் தயாரான பந்துகளும் உண்டு, வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பந்தில் பொறித்த வரிசை எண்தான் வழி. எண் தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தால் மறுபடி பொறிக்க வேண்டும். எண்ணின் படத்தை அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பழைய பந்துகள் அதிகம் சிக்கும் இடம் துளைகள். 2020 ஆகஸ்ட் 1 முதல் பிடிப்பதற்கல்லாமல் எடையைச் சரிசெய்ய மட்டும் போடும், வெயிட் ஹோல் எனப்படும் சமநிலைத் துளைக்கு இடமில்லை. பந்தில் உள்ள பிடித் துளை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீச்சிலும் விரல் இருக்க வேண்டும். அதற்கு முன் துளையிட்ட பந்தின் பக்கவாட்டில் விரல் எட்டாத துளை இருந்தால் அதை அடைத்தாக வேண்டும். இதைவிட ஏமாற்றுவது கட்டைவிரல் துளை. விற்றவர் கட்டைவிரலை நுழைத்து வீசியிருப்பார், வாங்கியவர் இரு கையால், கட்டைவிரல் இல்லாமல் வீசுபவர். பந்து மாறவில்லை, சட்டம் மாறவில்லை, ஆனாலும் அந்தத் துளை இப்போது செல்லாத துளை. அடைத்தே தீர வேண்டும். காற்றுப் போக்குக்கான சிறு துளை பிடித் துளை ஒன்றுக்கு ஒன்று, 1/4 அங்குல விட்டத்துக்குள் என்றால் சிக்கல் இல்லை.

அடைத்த பந்து தராசில் ஏறாமல் போட்டிக்குப் போகக் கூடாது. பந்தின் ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் உள்ள எடை வித்தியாசத்தைக் காட்டும் டோடோ தராசு பார்ப்பதற்குப் பழைய காலத்துச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு அதற்கு நிகரான எளிய கருவி இல்லை. பிடியின் மையத்தைக் குறித்து, அதன் வழியே விரலிலிருந்து கட்டைவிரலுக்கு ஒரு கோடும் அதற்குக் குறுக்கே இன்னொரு கோடும் போட வேண்டும். ஒரு பக்கம் வைத்துச் சமன்செய்து, 180 பாகை திருப்பி, வித்தியாசத்தைப் படிக்க வேண்டும். 10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்தில் எந்தத் திசையிலும் 3 அவுன்ஸ் வரை போகலாம், 10 பவுண்டு வரையிலான பந்தில் 3/4 அவுன்ஸ்தான். முன்பு பக்கவாட்டு வரம்பு 1 அவுன்ஸாக இருந்ததால், வெயிட் ஹோலை அடைத்த கனமான பந்துகள் இப்போது பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தவறு நேர்வது மையக் குறியில்: குறி தள்ளிப்போனால் அளவும் தள்ளிப்போகும். விரல் செருகிகளையும் கட்டைவிரல் துளைக்குள் பொருத்தும் ஸ்லக் எனும் உருளையையும் கழற்றிவிட்டு நிறுப்பதும் வீண்வேலை. விளையாடும்போது இருப்பதுபோலவே நிறுக்க வேண்டும். மொத்த எடை 16 பவுண்டைத் தாண்டக் கூடாது. 16 என்று விற்ற பந்தில் பழைய துளைகளை ரெசின் ஊற்றி அடைத்திருந்தால் இதையும் பார்த்துவிடுங்கள்.

பந்தின் கடினத்தை அளக்கும் டூரோமீட்டரைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. டி அளவுகோலில் 72க்குக் கீழே போனால் பந்து செல்லாது. ஆனால் வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த பந்து மென்மையாகக் காட்டும். கருவியைச் சற்றுச் சாய்த்து அழுத்தினாலும் எண் குறையும். பந்தை அறை வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து, துளை, அடைப்பு, பொறித்த எழுத்து ஆகியவற்றை விட்டு விலகி, பல இடங்களில் நேராக அழுத்திச் சராசரி பார்க்க வேண்டும். 1973இல் டான் மெக்கியூன் என்ற வீரர் பந்தைக் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கி வென்ற பிறகுதான் கடினத்துக்கு வரம்பே வந்தது. இன்றும் ரசாயனத்தால் மென்மையாக்குவது தடை. மலிவான கருவியில் 73 வந்தால் நிம்மதியாகிவிட வேண்டாம், ஒன்றிரண்டு புள்ளி அதன் பிழையாகவே இருக்கலாம். பந்துக்குத் துளையிட்டுத் தரும் ப்ரோ ஷாப் கடையில் அளவுதிருத்தம் செய்த கருவியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றளவு 26.704 முதல் 27.002 அங்குலம். பலமுறை தேய்த்த பந்துக்குத் தையல் டேப் சுற்றிப் பார்த்தால் வெளிப்படையான குறை தெரியும், மூன்றாவது தசம இடம் தெரியாது.